கூட்டுவட்டியை நம்பிய சட்டம்: பிரிட்டனின் கடன் தீர்ப்பு நிதி, 1772–1829

இயேசு பிறந்த அன்று ஒரே ஒரு பென்னியை 5 சதவீதக் கூட்டுவட்டிக்கு விட்டிருந்தால், அது 1772-க்குள் 15 கோடி பூமிகள் கொள்ளும் கெட்டித் தங்கத்தையும் தாண்டியிருக்கும். அதே பென்னியைத் தனிவட்டிக்கு விட்டிருந்தால் 7 ஷில்லிங் 4½ பென்ஸ்தான் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). 1772-ல் ரிச்சர்ட் பிரைஸ் லண்டனில் வெளியிட்ட சிறுநூலில் வரும் கணக்கு இது. நூல், தேசியக் கடனைப் பற்றிப் பொதுமக்களிடம் வைத்த முறையீடு. தங்கத்தின் அளவை விட்டுவிட்டு, கூட்டுவட்டிப் பெருக்கல் என்ற அளவில் பார்த்தால் முறை சரியாகவே இருக்கிறது. பதினான்கு ஆண்டு கழித்து அதன் மேல் ஒரு சட்டம் எழுந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் நடந்த அந்தச் சட்டம், குறைக்க வந்த கடனைக் கடைசியில் கொஞ்சம் கூட்டிவிட்டும் போனது. பெருக்கல் சரியாக இருந்தும் முடிவு எப்படித் தவறியது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

சிறுநூல் என்றால் தெருவில் கையில் திணிக்கும் ஒற்றைத்தாள் நோட்டீஸ் அல்ல. ஐம்பது, நூறு பக்கம் அச்சிட்டு, கெட்டி அட்டை போடாமல் தைத்து, புத்தகக் கடையில் சில ஷில்லிங்குக்கு விற்பார்கள். நாடாளுமன்ற விவாதங்களைப் பத்திரிகைகளில் அச்சிடுவதற்கு இருந்த தடையே 1771-ல்தான் நடைமுறையில் தளர்ந்தது. வரி, கடன், ஏழைகள் சட்டம், தானிய ஏற்றுமதி என எதைப் பற்றியும் ஆலோசனை சொல்ல நினைத்தவர் கையில் எடுத்தது இந்தச் சிறுநூலைத்தான். அவற்றில் பெரும்பாலானவை படிக்கப்பட்டதோடு சரி. பிரைஸின் நூல் சட்டப் புத்தகம் வரை போய்ச் சேர்ந்த அபூர்வங்களில் ஒன்று.

பிரைஸ் வேல்ஸில் பிறந்தவர். லண்டனுக்கு வடக்கே நியூயிங்டன் கிரீனில், அரசுத் திருச்சபையைச் சேராத சபை ஒன்றின் போதகர். நண்பர் தாமஸ் பேய்ஸ் இறந்தபின் அவருடைய தாள்களிலிருந்து நிகழ்தகவுக் கட்டுரையை எடுத்து 1763-ல் வெளிக்கொண்டுவந்தவரும் இவரே. ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம், விதவைகள் நிதி ஆகியவற்றின் கணக்கில் ஊறிய மனிதர். ஈக்விட்டபிள் காப்பீட்டுச் சங்கத்துக்கு ஆலோசனை சொன்னவர். இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. காப்பீட்டுச் சங்கம் வசூலிக்கும் பிரீமியத்தை வெளியே யாருக்கோ கடனாக விடுகிறது, அவர் தரும் வட்டியை மறுபடியும் விடுகிறது. வட்டி அடுத்தவர் பையிலிருந்து வருவதால் அங்கே கூட்டுவட்டி நிஜமான வருமானம்.

அவர் கண்ட நோய்

கடனைத் தீர்க்கவென்றே தனியாக ஒரு நிதியை உருவாக்கும் யோசனை பிரைஸுடையது அல்ல. நிதியமைச்சராக இருந்த ராபர்ட் வால்போல் முன்வைத்து 1717-ல் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. அரசுக் கடனின் வட்டியை 6 சதவீதத்திலிருந்து 5-க்கும், 1727-ல் 4-க்கும் இறக்கினார்கள். மிச்சமான வட்டிப் பணம் இந்த நிதியில் விழுந்தது. நம் பொருளியல் பாடநூல்கள் இதை மூழ்கும் நிதி என்கின்றன. மூழ்குவது நிதி என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நிதி மூழ்கடிப்பது கடனை. ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுதான். 1726-ல் நத்தானியேல் கூல்ட் என்பவர் இந்த நிதி கடனை எப்படிக் கரைக்கும் என்று ஒரு சிறுநூல் போட, மறு ஆண்டே வில்லியம் புல்ட்னி மறுப்புச் சிறுநூல் போட்டார்.

வால்போலின் நிதி ஒழுங்காகவே வளர்ந்தது. வளர்ந்ததுதான் வினை. 1733-ல் நிலவரியை பவுண்டுக்கு 1 ஷில்லிங்கிலேயே நிறுத்திவைக்க, அந்த நிதியிலிருந்து 5 லட்சம் பவுண்டு எடுத்தார்கள். 1734-ல் 12 லட்சம். 1735-ல் வரப்போகும் வரவையே அடகு வைத்தாயிற்று. உருவாக்கிய கைதான் எடுத்ததும். உண்டியலைத் தானே வைத்துத் தானே உடைப்பதுபோல.

பிரைஸின் பார்வையில் நடந்த ஒரே தவறு இது. கை வைக்காமல் விட்டிருந்தால் கடன் என்றைக்கோ கரைந்திருக்கும் என்றார். அவர் எழுதும்போது கடன் சுமார் 13 கோடி பவுண்டு. ஆக மருந்தும் அதற்கேற்பவே வந்தது: ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும், அதைக்கொண்டு கடன் பத்திரங்களை வாங்க வேண்டும், வாங்கிய பத்திரத்தின் வட்டியைக்கொண்டு மேலும் வாங்க வேண்டும், போரே வந்தாலும் இதை நிறுத்தக் கூடாது.

அதோடு விடவில்லை. ஒதுக்கும் தொகைக்குக் கடன் வாங்கினாலும் பரவாயில்லை என்றார். அரசு கடன் வாங்குவது தனிவட்டிக்கு, நிதி வளர்வதோ கூட்டுவட்டியில். எப்படியும் நிதியே ஜெயிக்கும் என்பது வாதம். வட்டி விகிதம் அதிகமாக இருந்தால் இன்னும் நல்லது, நிதி வேகமாக வளரும் என்றும் சேர்த்துக்கொண்டார். கடன்காரனுக்கு வட்டி ஏறினால் லாபம் என்று ஒரு வாதம் வந்து நிற்கும்போதே எங்கோ இடறுகிறது என்று படிப்பவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பலருக்குத் தோன்றவில்லை.

1786: சட்டத்தின் உறுப்புகள்

அமெரிக்கப் போர் முடிந்தபோது கடன் 24 கோடி பவுண்டை ஒட்டி நின்றது. அரசின் ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிற்று. பிரதமர் இளைய பிட் பிரைஸிடம் யோசனை கேட்டார். பிரைஸ் மூன்று திட்டம் எழுதிக் கொடுத்தார். பிட் அவற்றில் மிக மெலிந்ததை எடுத்து மாற்றிக்கொண்டார். பிரைஸின் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பது அவருடைய சகோதரி மகன் வில்லியம் மோர்கனின் மனத்தாங்கல். 1792-ல் மூன்று திட்டங்களையும் மோர்கனே அச்சில் போட்டார்.

வில்லியம் கிரென்வில் தலைமையிலான குழு வரவு செலவை ஆராய்ந்து ஆண்டு உபரி சுமார் 9 லட்சம் பவுண்டு என்றது. குறைந்த 1 லட்சத்துக்குச் சாராயம், இறக்குமதிப் பலகை, தலைமுடிக்குப் பூசும் மாவு ஆகியவற்றின் வரியில் கை வைத்து 10 லட்சமாக்கினார்கள். 1786 மார்ச் 29 அன்று பிட் திட்டத்தை மக்களவையில் வைத்தார்.

சட்டம் இப்படி இயங்கியது. கருவூலம் காலாண்டுக்கு 2,50,000 பவுண்டை ஆணையர்கள் பெயருக்கு மாற்றும். ஆணையர்கள் யார் என்பதில்தான் பிட்டின் சாமர்த்தியம் தெரிகிறது: மக்களவைத் தலைவர், நிதியமைச்சர், சான்சரி நீதிமன்றத்தின் ஆவணத் தலைமை நீதிபதி, அதே மன்றத்தின் கணக்குத் தலைவர், இங்கிலாந்து வங்கியின் ஆளுநர், துணை ஆளுநர். வால்போல் செய்ததை இன்னொரு அமைச்சர் செய்ய வேண்டுமானால் இத்தனை பேர் முன்னிலையில் நாடாளுமன்றத்திலேயே பூட்டை உடைக்க வேண்டும். பணத்தை ஒரே நாளில் கொட்டி விலையை ஏற்றிவிடாமல், பத்திர மாற்றம் நடக்கும் நாள்களுக்குச் சமமாகப் பிரித்துத் தரகர் வழியாக வாங்கினார்கள். முகமதிப்புக்கு (பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகைக்கு) மேல் விலை போகும் பத்திரத்தை வாங்கக் கூடாது. வாங்கிய பத்திரத்தைக் கிழித்துப் போடவும் கூடாது. அது ஆணையர்கள் பெயரில் உயிரோடு இருக்கும், கருவூலம் அதற்கும் வட்டி கட்டும்.

ஒரு காலாண்டை எடுத்துப் பார்ப்போம். அரசுக் கடனின் பெரும்பகுதி 3 சதவீதப் பத்திரங்கள். முதலைத் திருப்பித் தர வேண்டிய தேதி கிடையாது. 100 பவுண்டு முகமதிப்புக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு என்று நித்தியமாக வந்துகொண்டிருக்கும். சந்தை விலை 75 என்று வைத்துக்கொள்வோம். 2,50,000 பவுண்டுக்கு 3,33,333 பவுண்டு முகமதிப்புள்ள பத்திரம் கிடைக்கும். அதற்கு ஆண்டு வட்டி 10,000 பவுண்டு. போட்ட பணத்துக்கு 4 சதவீதம். இந்த 10,000 மறுபடி பத்திரம் வாங்கும்.

10 லட்சம் 28 ஆண்டில் ஆண்டுக்கு 40 லட்சமாக வளரும் என்றார் பிட். அந்த அளவைத் தொட்டபின் வளர்ச்சியை நிறுத்திவிடலாம் என்பது ஏற்பாடு. ஆனால் 5 சதவீதம் கிடைத்தால்தான் 28 ஆண்டில் 39 லட்சம் வரும். 4 சதவீதத்தில் 30 லட்சம். 3 சதவீதத்தில் 23 லட்சத்தைக்கூட எட்டாது. 5 சதவீதம் கிடைக்கப் பத்திர விலை 60-ல் கிடக்க வேண்டும். திட்டம் வெற்றி பெற்று நாட்டின் மதிப்பு உயர்ந்தாலோ விலை ஏறும், நிதியின் வேகம் குறையும். 1792-ல் விலை 90-ஐத் தாண்டியபோது நடந்ததும் அதுவே. தான் நலமாக இருந்தால் மெலியும் மருந்து.

வட்டி எங்கிருந்து வருகிறது

ஆணையர்களிடம் இருக்கும் பத்திரத்துக்கு வட்டி கட்டுவது கருவூலம். கருவூலத்துக்குப் பணம் வரி. காப்பீட்டுச் சங்கம் பிறருக்குக் கடன் கொடுத்தது. அரசு தன் இடப்பையிலிருந்து வலப்பைக்குக் கடன் கொடுத்தது. ஆகவே நிதி வளரும் ஒவ்வொரு பவுண்டும் அந்த ஆண்டு வரி செலுத்தியவர் கூடுதலாகக் கொடுத்த பவுண்டு. கூட்டுவட்டி தானாக எதையும் ஈன்றுவிடவில்லை.

கடன் வாங்கி நிதிக்குப் போடலாம் என்ற பிரைஸின் வாதத்தை இங்கே உரசிப் பார்க்கலாம். 4 சதவீதத்தில் 100 பவுண்டு புதுக்கடன் வாங்கி, நிதி அதைக்கொண்டு 100 பவுண்டு பழைய கடனை வாங்குகிறது. முன்பு ஆண்டு வட்டி 4 பவுண்டு. இப்போது புதுக் கடன்காரருக்கு 4, நிதிக்கு 4, மொத்தம் 8. கூடுதல் 4 பவுண்டை வரியாக வசூலித்தால் நிதி வளரும், ஆனால் வளர்த்தது வரி. நிதி இல்லாமல் அதே 4 பவுண்டை நேராகக் கடனுக்குக் கட்டியிருந்தாலும் அதே பலன். அந்த 4 பவுண்டையும் கடனாக வாங்கினால், வெளியே கடன் வளரும் வேகமும் உள்ளே நிதி வளரும் வேகமும் ஒன்றே. அரசு தனிவட்டிக்கு வாங்குகிறது என்பது பெயரளவில்தான். வட்டி கட்டவும் கடன் வாங்குகிறவனுக்கு எல்லா வட்டியும் கூட்டுவட்டி.

உபரி இருந்த காலத்தில் இது யாரையும் கடிக்கவில்லை. 1793 தொடக்கத்துக்குள் ஆணையர்கள் சுமார் 1 கோடி பவுண்டு முகமதிப்புள்ள பத்திரங்களை வாங்கியிருந்தார்கள். அது நிஜமான குறைப்பு. அந்த ஆறேழு ஆண்டை மட்டும் பார்த்தால் பிட்டுக்கு முழு மதிப்பெண்.

1792-ல் இன்னொரு விதி வந்தது. இனி வாங்கும் ஒவ்வொரு கடனோடும் அதன் முகமதிப்பில் 1 சதவீதத்தை ஆண்டுதோறும் தனியாக ஒதுக்க வேண்டும், 45 ஆண்டுக்குள் அந்தக் கடன் தீர வேண்டும். முகமதிப்பு விலையில் வாங்கினால் 47 ஆண்டு ஆகும், 75-ல் வாங்கினால் 35, 60-ல் 28. கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. கடன் வாங்கும் அமைச்சர் வட்டிக்கு மட்டுமன்றி முதலுக்கும் சேர்த்து அன்றைக்கே வரி போட வேண்டியிருந்தது. 1786 சட்டத்தைவிட இதுதான் உருப்படியான பகுதி என்பது என் கணிப்பு.

போர் வந்ததும்

1793-ல் பிரான்ஸோடு போர் மூண்டது. உபரி போயிற்று. நிதி மட்டும் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பூட்டும். வரவில் மிச்சமில்லாதபோது ஆணையர்களுக்குக் காலாண்டுதோறும் தர வேண்டிய பணம் புதுக்கடனிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அதில் நஷ்டம் எப்படி நுழைந்தது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. அரசு பெருங்கடனை ஒப்பந்தக்காரர்களிடம் ஏலம்போல விடும். அவர்கள் லாபம் வைத்துத்தான் எடுப்பார்கள், ஆகவே சந்தை விலை 62 என்றால் அரசுக்குக் கிடைப்பது 60. ரொக்கம் 100 பவுண்டு வேண்டும் என்றால் 166 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் முகமதிப்புக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே 100 பவுண்டை ஆணையர்கள் சந்தைக்கு எடுத்துப் போய் 62-க்கு வாங்கினால் கிடைப்பது 161 பவுண்டு 5 ஷில்லிங் 10 பென்ஸ். ஒரு சுற்றில் 5 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கடன் கூடிவிட்டது. தரகும் அலுவலகச் செலவும் தனி. வெளியே வாசலில் விற்றதைப் புழக்கடை வழியாகக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கும் வியாபாரம்.

1797-ல் பத்திர விலை 50-க்கும் கீழே போனது. பிரைஸின் கணக்குப்படி நிதிக்கு இது பொற்காலம், போட்ட பணத்துக்கு 6 சதவீதத்துக்கும் மேல். அதே நேரத்தில் கருவூலம் 100 பவுண்டு ரொக்கத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை.

இந்த ஓட்டையை 1786-லேயே ஓரளவு கண்டவர் எதிர்க்கட்சியின் சார்லஸ் ஃபாக்ஸ். புதுக்கடன் எழுப்பும்போது ஆணையர்கள் தங்கள் பணத்தை நேராக அந்தக் கடனிலேயே போடலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிட் மகிழ்ச்சியோடு ஏற்றார். ஒப்பந்தக்காரர் லாபத்தையாவது அது மிச்சப்படுத்தும். ஆனாலும் போர்க்காலப் பெருங்கடன்கள் ஒப்பந்தக்காரர்கள் வழியாகத்தான் எழும்பின. நிதி சந்தையில் வாங்குவது விலையைத் தாங்கிப்பிடிக்கிறது, மக்களுக்கு நம்பிக்கை தருகிறது என்பது அன்றைய சமாதானம். அது வெறும் சாக்கு அல்ல. காலாண்டு தவறாமல் அரசு கடனை அடைக்கிறது என்ற காட்சிக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் சிக்கல்.

கடனின் வளர்ச்சியைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்தியது 1799-ன் வருமான வரி. 200 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 10 சதவீதம்.

1802-ல் அடிங்டன் அரசு 1786, 1792 ஆகிய இரண்டு நிதிகளையும் ஒன்றாக்கி, 40 லட்சம் என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. 1813-ல் கணக்குப் புத்தகத்தில் ஒரு விழா நடந்தது. 1786-ல் இருந்த சுமார் 23.8 கோடி பவுண்டுக் கடனுக்கு ஈடான பத்திரங்கள் ஆணையர்கள் கைக்கு வந்துவிட்டதாக நிதியமைச்சர் வான்சிட்டார்ட் அறிவித்தார். பழைய கடன் தீர்ந்தது. வெளியார் கையில் நின்ற கடனோ அந்தப் பழைய கடனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. போர் முடிந்த 1815-ல் மொத்தக் கடன் 80 கோடியைத் தாண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய்.

பூட்டு செய்த வேலை

பிரைஸ் கண்ட நோய் பொய்யல்ல. வால்போல் எடுத்தது உண்மை. பிட் போட்ட பூட்டும் வேலை செய்தது, 1813 வரை யாரும் நிதியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் நிதிக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உபரி இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையை எழுதியிருந்தால் அமைச்சர்கள் உபரியே இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்காக நிபந்தனையை விட்டார்கள். திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரன் மாட்டிக்கொண்டான்.

இதை நிதானமாக, எண்களோடு எழுதியவர் அபர்டீன் மாரிஷல் கல்லூரிப் பேராசிரியர் ராபர்ட் ஹாமில்டன். 1813-ல் வந்த அவருடைய நூல் சொல்வது ஒரு வரிதான்: வரவு செலவைவிட மிஞ்சினால் கடன் குறையும், வேறு வழி கிடையாது. இதை அதற்கு முன் யாருமே உணரவில்லை என்பதல்ல. பழைய கடனை அடைக்க வைத்த நிதி புதிய கடன் வாங்குவதை எளிதாக்குகிறது என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதியிருந்தார். ஆனால் 15 கோடி பூமித் தங்கத்துக்கு முன்னால் அந்த வாக்கியம் எடுபடவில்லை. 1820-ல் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ இன்னும் கடுமையாகப் போனார்: அமைச்சர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இப்படி ஒரு நிதியை வைப்பதே ஆபத்து, சொத்தின் மேல் ஒரே முறை வரி போட்டு முழுக்கடனையும் அடைத்துவிடலாம் என்றார்.

அதே அலுவலகத்தில் பிரைஸின் இன்னொரு கணக்கும் தவறியது. 1808-லிருந்து ஆணையர்கள் ஆயுள்கால ஆண்டுத்தொகைகளை, அதாவது முன்பே விலை கொடுத்தவருக்குச் சாகும்வரை ஆண்டுதோறும் பணம் தரும் ஒப்பந்தங்களை, விற்கத் தொடங்கினார்கள். விலை நிர்ணயிக்கப் பயன்பட்டது பிரைஸ் தயாரித்த நார்தாம்ப்டன் இறப்பு அட்டவணை. பிறப்பும் இறப்பும் சமம் என்று வைத்துக்கொண்டு திருச்சபைப் பதிவேடுகளிலிருந்து அதைக் கட்டியிருந்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காத பாப்டிஸ்டுகள் அந்த ஊரில் நிறையப் பேர். அவர்களுடைய பிறப்பு பதிவில் ஏறவில்லை, இறப்பு ஏறியது. விளைவு, பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் சுமார் 25 ஆண்டு என்று நிஜத்தைவிடக் குறைவாக வந்தது. மக்கள் சீக்கிரம் இறப்பார்கள் என்று கணக்கிட்டுப் பிரீமியம் வாங்கிய காப்பீட்டுச் சங்கத்துக்கு இந்தப் பிழையால் கொழுத்த லாபம். ஆண்டுத்தொகை விற்ற அரசுக்கு நேர்மாறு, வாங்கியவர்கள் சாகாமல் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். காப்பீட்டுக் கணக்கறிஞர் ஜான் ஃபின்லைசன் நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டி, 1828-ல் அந்த விற்பனை நின்றது.

நிதியும் அதே வேகத்தில் முடிவுக்கு வந்தது. 1816-ல் வருமான வரி போனபின் நிதிக்குக் கொடுக்க உபரி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 1819-ல் மக்களவை ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு நிஜ உபரி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1828-ல் நிதியால் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மைகளைக் கேள்விகேட்டு ஒரு சிறுநூல் வந்தது. எழுதியவர் கிரென்வில் பிரபு. 1786-ல் 9 லட்சம் உபரி என்று கணக்குக் கொடுத்து இந்த நிதிக்கு அடிக்கல் போட்ட குழுவின் தலைவர் அவரே. அன்றைக்குத் தான் நம்பியது தவறு என்று அச்சில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டுச் சட்டம், உண்மையில் மிஞ்சும் பணத்தை மட்டும் ஆணையர்களுக்குக் கொடுத்தால் போதும் என்றது.

தேசியக் கடன் குறைப்பு ஆணையர்கள் என்ற பதவி இன்றும் பிரிட்டனில் சட்டப்படி இருக்கிறது. பதவிவழி ஆணையர்கள் கடைசியாக ஒன்றுகூடியது 1860-ல்.